பதின்மூன்றாம் பின்: ஆர்டுவினோ பிறந்த கதை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் விற்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகள் சிலவற்றின் முதுகில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும். குவார்ட்ஸ் கண்ணாடி பதித்த ஜன்னல். உற்றுப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் துண்டும் அதிலிருந்து ஓரங்களுக்கு ஓடும் மெல்லிய கம்பிகளும் தெரியும். எழுதிய நிரலை அழிக்கும் வழி அந்த ஜன்னல்தான். நிரலில் ஒரு பிசகு என்றால் சிப்பை சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்து, புறஊதா விளக்கு எரியும் பெட்டிக்குள் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ வைக்க வேண்டும். பழைய நிரல் அழியும். பிறகு அதைத் தனியாக ஒரு ‘புரோகிராமர்’ கருவியில் செருகிப் புதிய நிரலை ஏற்ற வேண்டும். மறுபடி சாக்கெட், மறுபடி சோதனை. வெளிச்சம் பட்டு உள்ளிருப்பது கெடாமலிருக்க ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள்.

தொழிற்சாலைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. வாஷிங் மெஷினுக்கான நிரலைப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் எழுதிச் சரிபார்த்துவிட்டு லட்சக்கணக்கான சிப்புகளில் ஒரே தடவை பதித்துவிடுவார்கள். வீட்டு மேசையில் ரோபோ செய்பவரின் பாடுதான் திண்டாட்டம். கூட்டல் கணக்கு போடும் நிரல் சரியா தப்பா என்று தாளில் பார்த்துக்கொள்ளலாம். கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய வண்டியை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தரை கொஞ்சம் பளபளப்பாக இருந்தால் சென்சார் ஏமாறும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு மோட்டார்களில் ஒன்று சற்று வேகமாகச் சுற்றும். பேட்டரி இறங்க இறங்க வண்டியின் நடையே மாறும். ஓட்டிப் பார், திருத்து, மறுபடி ஓட்டிப் பார் என்ற இந்தச் சுற்று எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் ரோபோ உருப்படும். பொழுதுபோக்கு ரோபோக்களின் வரலாறே இந்தச் சுற்றின் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்த வரலாறு. அதில் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. பேர் மட்டும் ஒரு பலகைக்குப் போய்ச் சேர்ந்தது.

கணக்குப் போடும் மூளை, நினைவகம், வெளியுலகத்தைத் தொடும் பின்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கினால் அது மைக்ரோகன்ட்ரோலர். 1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஎம்எஸ் 1000 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976-இல் இன்டெல்லின் 8048, 1980-இல் நம் பொறியியல் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்துவரும் 8051. இவையெல்லாம் பொறியாளர்களுக்காகப் பிறந்தவை. அசெம்பிளி மொழி தெரியாதவருக்கு அவற்றில் வேலையில்லை.

அந்த வேலியை முதலில் அசைத்தது, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பேரலாக்ஸ் நிறுவனம். 1992-இல் அது ‘பேசிக் ஸ்டாம்ப்’ என்ற தபால்தலை அளவுப் பலகையைக் கொண்டுவந்தது. பலகையில் இருந்தது சாதாரண பிக் வகைச் சிப்தான். ஆனால் அதற்குள் பேசிக் மொழியை வரிவரியாகப் படித்துச் செயல்படுத்தும் ஒரு நிரலை நிரந்தரமாகப் பதித்திருந்தார்கள். பயனர் எழுதுவது பக்கத்தில் இருந்த இன்னொரு சின்ன நினைவகச் சிப்பில் போய் உட்காரும். அதை மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். விளக்குப் பெட்டி வேண்டாம், புரோகிராமர் வேண்டாம், கணினியிலிருந்து ஒரு கேபிள் போதும். இடம் மொத்தம் 256 பைட்தான். ஆனாலும் மின்னணுவியல் படிக்காத ஒருவர் மாலையில் உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மோட்டாரைச் சுற்றவைத்துவிட முடிந்தது.

அதே காலத்தில் எம்ஐடி-யில் மாணவர்கள் லெகோ துண்டுகளால் ரோபோ கட்டிப் போட்டியிடும் 6.270 என்ற வகுப்பு களைகட்டியிருந்தது. அந்த வழியில் வந்ததுதான் ஃபிரெட் மார்ட்டின் வடிவமைத்த ‘ஹேண்டி போர்டு’. மோட்டோரோலாவின் 68எச்சி11 சிப், மோட்டாரை நேரே இணைக்க இடம், ‘இன்டராக்டிவ் சி’ என்ற மொழி. தட்டச்சிட்ட கட்டளை உடனுக்குடன் ரோபோவில் ஓடும். அங்கே நடந்த இன்னொரு ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1998-இல் லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டி கடைக்கு வந்தது.

இதற்கிடையே நார்வேயில் டிரான்ட்ஹைம் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வொல்லான் என்ற இரண்டு மாணவர்கள் புதியதொரு சிப்பின் கட்டமைப்பை வரைந்திருந்தார்கள். அதை அட்மெல் நிறுவனம் எடுத்துக்கொண்டு 1997 வாக்கில் ஏவிஆர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதில் இரண்டு காரியங்கள் ரோபோக்காரர்களுக்கு வாய்ப்பாக அமைந்தன. ஒன்று, நிரல் வைக்கும் இடம் ஃபிளாஷ் நினைவகம். பலகையை விட்டுக் கழற்றாமலே நொடிகளில் அழித்து எழுதலாம். இரண்டு, சி மொழிக் கம்பைலர் எழுதுபவர்களோடு கலந்து பேசி, அவர்களுக்கு இசைவாகச் சிப்பின் கட்டளைகளைத் திருத்தியிருந்தார்கள். பின்னாளில் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஜிசிசி கம்பைலரும் ஏவிஆருக்கு வந்து சேர்ந்தது. அடுப்பு, விறகு, பாத்திரம் எல்லாம் தயார். சமைக்க ஆள்தான் வர வேண்டும்.

ஆள் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. வட இத்தாலியில், டூரினுக்கு வடக்கே, டோரா பால்டேயா ஆற்றங்கரையில் இருக்கிறது இவ்ரேயா. ஒலிவெட்டி தட்டச்சுப்பொறிகளின் ஊர். 1965-இல் மேசைமேல் வைத்துப் பயன்படுத்தக்கூடிய புரோகிராமா 101 என்ற கணினியை உலகுக்குக் காட்டியதும் ஒலிவெட்டிதான். நிறுவனத்தின் பொற்காலம் முடிந்த பிறகு, 2001-இல் டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் சேர்ந்து அங்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரியைத் தொடங்கின. இன்டராக்‌ஷன் டிசைன் இன்ஸ்டிட்யூட் இவ்ரேயா என்று பெயர். மனிதரும் கருவியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பாடம். படிக்க வந்தவர்களில் பலர் ஓவியம், கட்டடக்கலை, வரைகலை தெரிந்தவர்கள். சால்டரிங் இரும்பைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள்.

அவர்களுக்கு மின்னணுவியல் சொல்லிக்கொடுக்க 2002-இல் வந்தவர் மாஸ்ஸிமோ பான்ஸி. கையிலிருந்த கருவி பேசிக் ஸ்டாம்ப். அதன் மேல் அவருக்குப் பல குறைகள். ஒன்றுக்கு ஏறக்குறைய 100 டாலர் ஆகிறது. மாணவர்களின் ஆசைக்கு அதன் வேகம் போதவில்லை. மாணவர்கள் வைத்திருந்த மேக் கணினிகளில் அது வேலை செய்யவில்லை. பான்ஸி தாமே பிக் சிப்பை வைத்து ‘புரோகிராமா 2003’ என்று ஊரின் பழைய பெருமையை நினைவூட்டும் பெயரில் ஒரு பலகையைச் செய்து பார்த்தார். சிப் கிடைத்தது, விலை குறைந்தது. ஆனால் எழுதுகிற விதம் இன்னும் பொறியாளர் கையில்தான் இருந்தது.

எழுதுகிற விதத்துக்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. எம்ஐடி மீடியா லேபில் 2001-இல் கேஸி ரீஸும் பென் ஃபிரையும் ‘புராசெஸிங்’ என்ற மொழியைத் தொடங்கியிருந்தார்கள். ஓவியர்கள் கணினியில் படம் வரைவதற்கான மொழி அது. ஒரு சின்ன சாளரம் திறக்கும். நான்கு வரி எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் வட்டம் தோன்றும். எழுதியதற்குப் பெயர் நிரல் அல்ல, ‘ஸ்கெட்ச்’. அந்தக் கேஸி ரீஸ் இவ்ரேயாவுக்குப் பாடம் நடத்த வந்தார்.

அங்கே எர்னாண்டோ பர்ரகான் என்ற கொலம்பியா நாட்டு மாணவர் முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். ரீஸும் பான்ஸியும் அவருக்கு வழிகாட்டிகள். திரையில் வட்டம் வரைய புராசெஸிங் செய்த காரியத்தை மேசைமேல் விளக்கு எரிக்கவும் மோட்டார் சுற்றவும் செய்தால் என்ன என்பதுதான் பர்ரகானின் கேள்வி. பல சிப்புகளைச் சோதித்துப் பார்த்து ஏவிஆர் குடும்பத்தின் ஏடிமெகா 128-இல் வந்து நின்றார். புராசெஸிங்கின் சாளரத்தையே எடுத்து மாற்றிக்கொண்டார். 2004-இல் ஆய்வேடு முடிந்தது. பலகைக்கும் மொழிக்கும் சேர்த்து ‘வயரிங்’ என்று பெயர் வைத்திருந்தார்.

பர்ரகான் செய்த காரியத்தின் அருமை, அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு எல்இடி-யை எரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏவிஆர் சிப்பின் கையேட்டைப் பிரித்தால், பின்கள் எட்டெட்டாகப் ‘போர்ட்’ என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கும். நம் எல்இடி பி என்ற போர்ட்டில், சுழியத்திலிருந்து எண்ணி ஐந்தாவது பிட்டில் இருக்கிறது. முதலில் டிடிஆர்பி என்ற ரெஜிஸ்டரில் அந்த ஒரு பிட்டை மட்டும் 1 ஆக்க வேண்டும். பக்கத்து ஏழு பிட்டுகளும் கலையக்கூடாது. அப்போது அந்தப் பின் வெளியே மின்சாரம் அனுப்பத் தயாராகும். பிறகு போர்ட்பி என்ற இன்னொரு ரெஜிஸ்டரில் அதே பிட்டை 1 ஆக்கினால் விளக்கு எரியும். வேறு சிப்புக்கு மாறினால் வேறு எழுத்து, வேறு எண்.

வயரிங்கில் இதற்கு இரண்டே வரி. ‘பின்மோட்’ என்று எழுதி, பின்னின் எண்ணையும் ‘அவுட்புட்’ என்பதையும் போட வேண்டும். ‘டிஜிட்டல்ரைட்’ என்று எழுதி, அதே எண்ணையும் ‘ஹை’ என்பதையும் போட வேண்டும். அவ்வளவுதான். பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் நிரலில் எழுதும் எண்ணும் ஒன்று. அது எந்த போர்ட்டில் எத்தனையாவது பிட் என்ற கவலையை உள்ளே ஓர் அட்டவணை பார்த்துக்கொள்ளும். இந்த வசதிக்கு ஒரு கூலி உண்டு. ரெஜிஸ்டரை நேரடியாகத் தொட்டால் ஏவிஆருக்கு இரண்டு கடிகாரத் துடிப்பில் முடிகிற வேலை, டிஜிட்டல்ரைட் வழியாகப் போனால் பல பத்துத் துடிப்புகள் எடுக்கும். இன்றுவரை பொறியாளர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்புள்ள சிப்பில், விளக்கு சில மைக்ரோ நொடி தாமதமாக எரிந்ததை எந்தக் கண்ணும் கண்டதில்லை.

நிரலின் உருவத்தையும் பர்ரகான் இரண்டு அறைகளாகப் பிரித்தார். ‘செட்அப்’ என்ற முதல் அறையில் எழுதியது மின்சாரம் வந்ததும் ஒரே ஒரு தடவை நடக்கும். ‘லூப்’ என்ற இரண்டாவது அறையில் எழுதியது மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கும். புராசெஸிங்கில் இந்த இரண்டாவது அறைக்கு ‘டிரா’ என்று பெயர். படம் வரைய அது பொருத்தம். ரோபோவுக்கு லூப் பொருத்தம். சென்சாரைப் படி, முடிவெடு, மோட்டாருக்குச் சொல், மறுபடி படி என்ற ரோபோவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

வயரிங் பலகையின் சிப் பெரியது, விலையும் கூடுதல். 2005-இல் பான்ஸி, இவ்ரேயா மாணவர் டேவிட் மெல்லிஸ், ஸ்வீடனின் மால்மோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஸ்பானியப் பொறியாளர் டேவிட் குவார்டியெல்யெஸ் ஆகியோர் ஒரு மலிவுப் பதிப்பில் இறங்கினார்கள். ஏடிமெகா 8 என்ற சின்ன சிப்பை எடுத்துக்கொண்டார்கள்: நிரலுக்கு 8 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 1 கிலோபைட். வயரிங்கின் நிரல் திறந்த மூலமாக இருந்ததால் அதைப் பிரதியெடுத்து இந்தச் சிப்புக்கு ஏற்ப மாற்றினார்கள். பாகங்களைக் குறைத்து, ஒரு பீட்சா சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் பலகை கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 30 டாலரைச் சுற்றி விலை நின்றது. மற்ற சர்க்யூட் பலகைகள் பச்சையாக இருந்ததால் இதற்கு நீல நிறம். பின்பக்கம் இத்தாலியின் குட்டி வரைபடம். பெயருக்கு எங்கும் அலையவில்லை. பான்ஸி வழக்கமாகப் போகும் மதுக்கடையின் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கடையின் பெயரோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலிக்கு அரசனாக இருந்த இவ்ரேயாவின் ஆர்டுயினுடையது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டாம் ஐகோவும், பலகைகளைத் தயாரித்துக் கொடுத்த ஜான்லூகா மார்ட்டினோவும் சேர ஐவர் குழுவானது.

இவ்வளவு அவசரத்துக்கும் இவ்வளவு தாராளத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கல்லூரி மூடப்படும் என்ற பேச்சு பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. கல்லூரியோடு செய்த வேலையும் பூட்டிய அறைக்குள் போய்விடக்கூடாது என்று, நிரலோடு பலகையின் வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள். மென்பொருளில் இது பழகிய வழி. ஒரு பொருளின் வரைபடத்தை இப்படிக் கொடுப்பது அன்று அரிது. பெயரை மட்டும் வணிகக் குறியாக வைத்துக்கொண்டார்கள். பேச்சு பொய்யாகவில்லை. கல்லூரி 2005-இல் மிலானின் டோமஸ் அகாடமியோடு இணைந்து, இவ்ரேயாவை விட்டுப் போனது.

முதலில் அச்சிட்ட வெற்றுப் பலகைகளை மாணவர்களிடம் கொடுத்து, நீங்களே பாகங்களைப் பற்றவைத்து ஏதாவது செய்து காட்டுங்கள் என்றார்கள். வந்தவற்றில் ஒன்று, கூரையிலிருந்து கேபிளில் தொங்கும் அலாரம் கடிகாரம். இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன் என்று பொத்தானைத் தட்டத் தட்ட அது மேலே மேலே ஏறிப்போகும். கடைசியில் எழுந்து நின்றால்தான் கைக்கு எட்டும். பொறியாளர் ஒருவரின் தேவைப் பட்டியலில் இப்படியொரு கருவி வந்திருக்காது.

அவசரத்தின் தழும்பு ஒன்றும் பலகையில் இருக்கிறது. பின்களுக்கான துளைகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்க வேண்டும். ஏழாம் பின்னுக்கும் எட்டாம் பின்னுக்கும் நடுவில் மட்டும் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வரைந்தபோது நேர்ந்த கைப்பிசகு. அடுத்த பதிப்பில் திருத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் பலகைமேல் அப்படியே செருகும் ‘ஷீல்டு’ என்ற துணைப் பலகைகள் அந்தக் கோணல் இடைவெளிக்கு ஏற்பவே உருவாகிவிட்டன. 2010-இல் வந்த ஆர்டுவினோ யுனோவிலும் அது இருக்கிறது. யுனோவைப் பார்த்துச் செய்யும் நகல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

சுற்றைச் சுருக்கும் வேலையும் தொடர்ந்தது. சிப்பின் ஒரு மூலையில் ‘பூட்லோடர்’ என்ற சின்ன நிரலை முன்கூட்டியே பதித்து விற்றார்கள். ரீசெட் ஆனதும் அது சிறிது நேரம் விழித்திருந்து, கணினி புதிய நிரல் அனுப்பினால் வாங்கி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆரம்பத்தில் அந்த ரீசெட் பொத்தானை நாமே சரியான தருணத்தில் அழுத்த வேண்டியிருந்தது. பத்தாயிரமாவது பலகையைக் கொண்டாடி 2007-இல் வந்த டியெசிமிலாவில் கணினியே அதைப் பார்த்துக்கொண்டது. பதின்மூன்றாம் பின்னில் ஒரு எல்இடி பலகையிலேயே பதிந்து வரத் தொடங்கியது. ஒரு கம்பி கூட இணைக்காமல், யுஎஸ்பி கேபிளைச் செருகி, ‘பிளிங்க்’ என்ற மாதிரி நிரலை ஏற்றினால் விளக்கு மினுக்கும். இருபது நிமிடச் சுற்று சில நொடிகளுக்கு வந்துவிட்டது.

விளக்கிலிருந்து ரோபோவுக்குப் போவது இன்னொரு படி. இங்கே முதல் நாளே எல்லோரும் இடறும் ஒரு கல் உண்டு. யுனோவின் ஒரு பின் தாங்கக்கூடிய உச்ச அளவு 40 மில்லி ஆம்பியர். சின்ன மஞ்சள் கியர் மோட்டார்கூடப் புறப்படும்போது பல நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். அதனால் நடுவில் எல்293டி போன்ற ஒரு டிரைவர் சிப் வேண்டும். பின் உத்தரவு மட்டும் கொடுக்கும். பேட்டரியின் கனமான மின்சாரத்தை டிரைவர் மோட்டாருக்குத் திறந்துவிடும். அதன் பிறகும் வண்டி ஒரு அடி பாய்ந்து, நின்று, மறுபடி பாய்ந்து நின்றால் நிரலைக் குறை சொல்லக்கூடாது. மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சிய அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்து, சிப் ரீசெட் ஆகி, செட்அப்பிலிருந்து மறுபடி தொடங்குகிறது. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

மீதி நிரல் ஒரு பக்கத்தில் அடங்கும். ‘அனலாக்ரீட்’ சென்சாரின் வோல்ட்டேஜை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகத் தரும். வெள்ளைத் தரையில் ஓர் எண், கறுப்புக் கோட்டில் ஓர் எண். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரம்பை வைத்துக்கொள்ள வேண்டும். ‘அனலாக்ரைட்’ மோட்டாரின் வேகத்தை 0 முதல் 255 வரை வாங்கிக்கொள்ளும். இடது சென்சார் கோட்டை மிதித்தால் இடது மோட்டாரைக் குறை; வலதுக்கும் அப்படியே. ஒரு சென்சாரைப் படிக்க நூறு மைக்ரோ நொடிதான் ஆகிறது என்பதால், கண் இமைக்கும் நேரத்தில் இந்த முடிவை நூறு தடவைக்கு மேல் எடுத்துவிடலாம். வண்டி நெளிந்து நெளிந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்.

இதே விதை வேறு நிலங்களிலும் முளைத்தது. 2009-இல் வந்த ஆர்டுபைலட் ஆளில்லா விமானங்களைப் பறக்கவைத்தது. வீட்டில் கட்டும் முப்பரிமாண அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு ஆர்டுவினோ மெகா மூளையானது. அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியாக நம் பள்ளிக்கூடங்களுக்கும் அது வந்தது. சென்னை ரிச்சி தெருவில் சீன நகல்கள் அசல் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கின்றன. வரைபடத்தைத் திறந்துவிட்டவர்களுக்கு அதில் மனக்குறை இருக்க முடியாது. மனக்குறை வந்தது உள்ளிருந்து. வணிகக் குறி யாருக்கு என்று நிறுவனர்களே இரண்டாகப் பிரிந்து வழக்காடினார்கள். 2015-இல் ஒரு தரப்பு அமெரிக்காவுக்கு வெளியே ‘ஜெனுயினோ’ என்ற பெயரில் பலகை விற்றது. 2016-இல் சமரசம் ஆனது.

அதே 2016-இல் பர்ரகானும் பேசினார். வயரிங் எப்படி உருவானது, அதிலிருந்து ஆர்டுவினோ எப்படிப் பிரிந்தது, தாம் ஏன் அந்தக் குழுவில் இல்லை என்று விரிவாக எழுதி வெளியிட்டார். ஐவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. விலையைக் குறைத்தது, பலகையைக் கைக்குக் கொண்டுவந்தது, பாடம் எழுதியது, பத்து ஆண்டுகள் கட்டிக் காத்தது அவர்கள். ஆய்வேடு தானாக ஒரு கோடு தாண்டி வந்திருக்காது.

ஆனால் எது நிலைத்தது என்று பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஏடிமெகா 8 போய் ஏடிமெகா 328 வந்தது. இன்று ரோபோ செய்பவர்கள் பலர் வைஃபையும் 240 மெகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட இஎஸ்பி 32-ஐ வாங்குகிறார்கள். அதில் ஏவிஆர் இல்லை, நீல நிறம் இல்லை, கோணல் இடைவெளியும் இல்லை. ஆனால் அதற்கு நிரல் எழுத உட்காருகிற மாணவி முதலில் தட்டுவது செட்அப், லூப், பின்மோட், டிஜிட்டல்ரைட். இவ்ரேயாவில் ஒரு மாணவர் பட்டம் வாங்குவதற்காக வகுத்த முறை, அவர் பார்த்தேயிராத சிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டுவினோவைப் பெற்றவர் யார் என்று யாராவது கேட்டால் ஐந்து பெயர்களைச் சொல்வது வழக்கம். எர்னாண்டோ பர்ரகானையும் சேர்த்து ஆறாகச் சொல்வதுதான் முறை.